பம்மல் கிணற்றுக்குச் செல்கள் சொன்ன பதில்

1

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் ஆய்வகத்தில் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். ஜனவரிக் குளிரில், பூட்ஸில் ஒட்டிய பனி உருகித் தரையெல்லாம் ஈரமாகிக் கிடக்க, ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்து உட்காருவோம். கெல்லர் அம்மையார்தான் பாதுகாப்பு அதிகாரி. ஓய்வு பெறும் வயது. சிரித்தால் அபராதம் கட்ட வேண்டும் என்பது போன்ற முகம். எல்லா வருடமும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பார்.

"இந்த ஆய்வகத்தை விட்டு எதெல்லாம் உயிரோடு வெளியே போகலாம்?"

புதிதாகச் சேர்ந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவரே பதிலும் சொல்வார். "நீங்கள் மட்டும்."

ஜெர்மனியில் ஒரு சின்னப் பல்கலைக்கழக நகரத்தில் இருக்கிறேன். தங்குவதற்கான அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக நான் ஏறி இறங்கிய கதையை எழுதினால் அதுவே ஒரு புத்தகம். என்னைவிட மோசமான நிலைமையில் ஆய்வகத்தில் நான் வளர்க்கும் உயிர்ச் செல்கள் இருக்கின்றன என்று நினைத்து ஒவ்வொரு ஜனவரியிலும் எனக்குள் சிரித்துக்கொள்வேன். எனக்காவது வரிசையில் நின்றால் விசா கிடைக்கிறது. அவற்றுக்கு வாசற்படி தாண்ட வழியில்லை.

இந்த வருடம் சிரிப்பு வரவில்லை. முந்தின வாரம்தான் சென்னையை ஒட்டிய பம்மலிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து திரும்பியிருந்தேன். பெட்டியில் எலுமிச்சை ஊறுகாய்க்கும் கல்கல் பலகாரத்துக்கும் நடுவில், பழைய நைட்டித் துணியில் சுற்றிய ஒரு பாட்டில் வந்திருந்தது. என் அக்கா ஃபிலோ வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். செல்களைப் பம்மலுக்குக் கூட்டிப்போக முடியாது. அதனால் பம்மலைச் செல்களிடம் கூட்டி வந்துவிட்டேன்.

2

"நீ இன்னா வேலதான் பாக்குற அங்க?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "கம்ப்யூட்டர் லைன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. அது ஒரு பாக்டீரியா. குடலில் சாதுவாக வாழும் வகை.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது சினிமாவுக்குப் போக வேண்டுமென்றால் அப்பா சரி சொல்ல வேண்டும், அக்காவும் கூட வர வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். கம்ப்யூட்டருக்குள் நடப்பதும் இந்த மாதிரிச் சின்னச் சின்னத் தீர்மானங்கள்தான். இது இருந்து அதுவும் இருந்தால் இப்படிச் செய். இல்லாவிட்டால் சும்மா இரு. மற்றவர்கள் அதைச் சிலிக்கன் சில்லுகளில் செய்கிறார்கள். நாங்கள் டி.என்.ஏ.வில் எழுதி, அதைச் செல்லுக்குள் நுழைத்துவிடுகிறோம். பிறகு செல் தன்பாட்டுக்குத் தின்று, பெருகி, நாங்கள் எழுதியதையும் சேர்த்துக் குட்டிகளுக்குக் கொடுக்கிறது.

என் செல்லில் எழுதியிருப்பது குரோமியம் பற்றி. தண்ணீரில் கெட்ட வகைக் குரோமியம் இருந்தால் செல் பச்சையாக ஒளிரும். ஆனால் பச்சை வராவிட்டால் தண்ணீர் நல்லது என்று எப்படி நம்புவது? செல் செத்துப் போயிருந்தாலும் பச்சை வராதே. அதனால் உயிரோடு இருக்கும்வரை சிவப்பாக ஒளிர வேண்டும் என்றும் ஒரு கட்டளை வைத்தோம். சிவப்பு மட்டும் தெரிந்தால், 'நான் நலம், தண்ணீரும் நலம்.' இரண்டும் தெரிந்தால், 'நான் நலம், தண்ணீர் சரியில்லை.' ஊரிலிருந்து வரும் கடிதத்தின் முதல் வரி மாதிரிதான்.

கூட வேலை செய்பவர்கள் ஈயம், பாதரசம் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டபோது நான் யோசிக்காமல் குரோமியத்தைக் கேட்டு வாங்கினேன். குரோம்பேட்டைக்கு அடுத்த ஊரில், தோல் தொழிற்சாலைச் சம்பளத்தில் வளர்ந்தவள் வேறு எதைக் கேட்பாள். தோலைப் பதமாக்கும் உப்பில் இருப்பது அது. அப்பா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியபின்னும் வீட்டுக்குள் ஒரு வாடை கூடவே வரும். எங்களுக்கு அது அப்பா வாடை.

ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே எப்போதும் மனித உடம்புச் சூடு. வெளியே பனி கொட்டும் நாள்களில், யாரும் பார்க்காதபோது, அதன் கதவைத் திறந்து கையை உள்ளே வைத்துக்கொள்வேன். இந்த நகரத்திலேயே தாம்பரத்துச் சூடு கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

3

அக்காவுக்குக் கிணற்றின்மேல் திடீரென்று அக்கறை வந்ததற்குக் காரணம் அவள் மகள் ஷீபா. தலைப்பிரசவம். மே மாதம் நாள் குறித்திருந்தார்கள். தாய்வீட்டில்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்பதில் அக்கா யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கோவிலம்பாக்கத்தில் ஷீபாவின் மாமியார் வீட்டில் ஏ.சி. இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது. "அவுங்களுக்கு லிஃப்ட் கீது, நமக்குக் கிணறு கீது," என்றாள் அக்கா.

அம்மா, அப்பா காலத்துக்குப் பிறகு பம்மல் வீட்டில் அக்காதான் இருக்கிறாள். குடிக்கக் கேன் தண்ணீர், மற்றதுக்கு லாரித் தண்ணீர். லாரி நாளைக்கு வருகிறேன் என்று சொன்னால் அடுத்த வாரம் வரும். மே மாதத்தில் அதுவும் கிடையாது. பச்சைக் குழந்தை வீட்டில் இருந்தால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே பல வருடங்களாகத் துணி துவைக்க மட்டும் இறைத்த கிணற்றுத் தண்ணீரில், பேரக்குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று அவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

மாப்பிள்ளை சொன்னார் என்று ஒரு பரிசோதனைக் கூடத்திலும் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். உப்பு எவ்வளவு, கிருமி உண்டா என்று வழக்கமானதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். குரோமியத்தை யாரும் கேட்கவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. விடுமுறையில் நான் போயிருந்தபோது அதைச் சொன்னேன். அப்போதுதான் என் வேலையையும் முதல் முறையாக முழுசாக விளக்க வேண்டிவந்தது.

"உயிரோட கீற கம்ப்யூட்டரா?"

"ஆமாக்கா."

"கரண்ட் வேணாம்?"

"வேணாம். சாப்பாடு போட்டா போதும்."

"அப்ப நம்ம மாமா மாதிரி," என்று தன் வீட்டுக்காரரைக் காட்டினாள். மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள். "ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாங்கோ. நீ சொல்லு. நீ ஓக்கேன்னா அதுல கொழந்தையக் குளிப்பாட்டுறேன். வாணான்னா வாணாம்."

மூன்று வருடமாக அந்தச் செல்களைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன், மேடையேறிப் பேசியிருக்கிறேன். அவற்றின் வார்த்தையை நம்பி ஒரு குழந்தையைத் தண்ணீரில் வைக்கலாமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

கிளம்பும் நாள் காலை. நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பாட்டிலை நிரப்பி, மூடியில் டேப் சுற்றி, துணி சுற்றி, மூன்று கவர் போட்டு அக்கா தயாராக வைத்திருந்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை. அக்கா கட்டிய கட்டைப் பிரித்தால் திட்டு விழும்.

4

கெல்லர் அம்மையார் தண்ணீர் உள்ளே வரவும் கேள்வி வைத்திருந்தார். எங்கிருந்து, யாருடையது, எதற்கு. அக்கா என்பதற்கு அவர்கள் மொழியில் தனிச்சொல் இல்லை. மூத்த சகோதரி என்றேன். "எவ்வளவு மூத்தவர்?" என்றார். அது எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அன்று எனக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. பாட்டிலைத் திறந்து, செல்களுக்குக் கொஞ்சம் கொடுத்து, சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை பார்த்தால் பச்சை இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், சிவப்பும் இல்லை. ஒரு துளி வெளிச்சம் இல்லை. மொத்தமும் செத்துக் கிடந்தன.

குரோமியத்தைக் குடித்துவிட்டே பச்சையாகச் சிரிக்கும் செல்கள் அவை. அவற்றையே ஒரேயடியாகக் கொல்கிறது என்றால் அந்தக் கிணற்றில் என்னதான் இருக்கிறது? எதிரே வந்த கெல்லர் அம்மையாரிடம் பதற்றத்தில் உளறிக் கொட்டினேன். இந்த மொழியில் மனிதர் இறந்தால் ஒரு சொல், கிருமி செத்தால் வேறு சொல். நான் மனிதருக்கான சொல்லைப் போட்டு, என் செல்கள் காலமாகிவிட்டன என்று சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஆழ்ந்த அனுதாபங்கள்," என்றார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

"அக்கா, அந்தத் தண்ணிய யாரும் தொடாதீங்க. எல்லாம் செத்துப் போச்சு."

"யாரு செத்தா?"

"என் செல்லுங்க. தண்ணில ஏதோ பயங்கரமா இருக்கு."

"அது எப்டி சாவும்?" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்லா கிளீன் பண்ணிட்டுத்தான குட்த்தேன்."

"என்ன கிளீன் பண்ண?"

"மொத நாளு ஆள வுட்டு, கெணத்துல கீற எலை தழையெல்லாம் வாரிட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டேன். ரெண்டு பாக்கெட்."

அன்று மூக்கு அடைத்திருக்காவிட்டால் மூடியைத் திறந்ததுமே வாடையில் எனக்குத் தெரிந்திருக்கும். அவள் நிறுத்தவில்லை.

"இன்னாடி சும்மாகீற? வெளிநாட்டுல நாலு பேரு பாக்கப்போற தண்ணி. பாசியும் பூச்சியுமா அனுப்பினா நம்ம வூட்டப் பத்தி இன்னா நெனச்சுக்குவாங்கோ?"

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். பாதர் ஜெபம் செய்து வீட்டை மந்திரிக்க வந்தால் முதல் நாளே பாயைத் தூக்கி மறைப்பார்கள். வீட்டுத் தண்ணீர் வெளியூர் போகிறது என்றால் அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு அனுப்பாமல் இருப்பார்களா? இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். நானும் அந்த வீட்டுப் பெண்தான். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். கிருமியைக் கொல்லவென்றே செய்த மருந்தைப் போட்டுவிட்டு, கிருமியைக் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறோம்.

அந்தத் தண்ணீரை வைத்து இனி எதுவும் சொல்ல முடியாது. பவுடரின் வீரியம் போனபின் புதிதாக எடுத்தாக வேண்டும். நான் விளக்கியதும் அக்காவின் குரல் இறங்கியது. "பாவம்டி, என்னால எத்தினி செத்துச்சோ," என்றாள். கோடிக்கணக்கில் என்பதை நான் சொல்லவில்லை.

5

என் மகள் எஸ்தருக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சில வருடமாக அதுதான் எங்கள் வீட்டு ஒப்பந்தம். "சாப்பிட்டியா?" என்று நான் போனில் கேட்டால், எதற்கு எப்போது பார்த்தாலும் உணவு பற்றியே விசாரிக்கிறாய் என்பாள். அவள் அப்பா வாரநாள்களில் வேறு நகரத்தில் வேலை பார்ப்பதால், இந்த வழக்குகளைத் தீர்க்க நடுவரும் கிடையாது. ஊருக்கு வா என்றால் வெயில், கொசு, உறவினர் கேள்விகள் என்று மூன்று காரணம் வைத்திருப்பாள்.

கிணற்றுக் கதையைச் சொன்னபோது அவளும் சிரித்தாள். பிறகு, ஈஸ்டர் விடுமுறையில் நான் போய் எடுத்து வரட்டுமா என்று அவளாகவே கேட்டாள். அவள் மனம் மாறுவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன்.

அவள் பம்மலில் இருந்த நாள்களில் எனக்கு வேலையே ஓடவில்லை. தண்ணீர் எடுத்த அன்று வீடியோவில் கூப்பிட்டாள். கிணற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் நான் கொடுத்தனுப்பிய பாட்டில். எதிரே அக்கா, டீ வடிகட்டியோடு.

"பெரிமா, வேணாம்."

"சும்மா தும்பு தூசி போறதுக்கும்மா. ஒரே ஒரு தபா வடிகட்டிக் குடுக்கறேன்."

"வேணாம் பெரிமா. அழுக்குதான் வேணும்."

அக்கா கேமராவைப் பார்த்து என்னிடம் முறையிட்டாள். "பாருடி உன் பொண்ண. நல்லது குட்த்தா அழுக்குதான் வேணுங்கிறா."

"அவ சொல்றத கேளுக்கா."

எஸ்தரின் தமிழ் மழலையாக இருந்தது. ஆனால் பின்வாங்கவில்லை. வாளியை அவளே இறக்கினாள், அவளே இழுத்தாள், கயிறு உள்ளங்கையை உரித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஷீபா பெரிய வயிற்றோடு படியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கம் வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத பெண், அங்கே சண்டை போடும் அளவுக்குத் தமிழ் வைத்திருந்திருக்கிறாள்.

விமான நிலையச் சுங்கத்தில் அவளை நிறுத்தி, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் பெரியம்மாவின் கிணறு என்று சொல்லியிருக்கிறாள். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

6

செல்கள் இந்த முறை சாகவில்லை. சிவப்பு, நல்ல திடமான சிவப்பு. கூடவே பச்சை.

நம்பாமல் மறுபடி வைத்தேன். பக்கத்திலேயே ஆய்வகக் குழாய்த் தண்ணீரையும் வைத்தேன். அதில் சிவப்பு மட்டும். பம்மல் தண்ணீரில் மறுபடியும் இரண்டும். நாங்கள் எழுதிய கட்டளையை, எழுதியபடியே, அத்தனை செல்களும் நிறைவேற்றின. எந்த ஆய்வாளருக்கும் கொண்டாட்டமாக இருக்க வேண்டிய நாள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது அந்தப் பச்சை. சிவப்பு மட்டுமே வந்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து அக்கா வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். எஸ்தர் ஏற்கெனவே அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தாள். எடுத்தவுடன், "பச்ச வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சுக்கா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. நான் நிறுத்தாமல் பேசினேன். இது ஆய்வில் இருக்கும் முறைதான், இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், பரிசோதனைக் கூடத்தில் குரோமியம் என்று பேர் சொல்லிக் கேட்டுப் பார்க்கச் சொல், அளவு அவர்கள்தான் சொல்ல முடியும். அவள் ஆசையை உடைத்துவிட்டோமே என்ற தவிப்பில் வாய் ஓயவில்லை.

"கொஞ்சம் சும்மாருடி," என்றாள் அக்கா. பிறகு ஷீபாவைக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணியை இனிமேல் தொடாதே என்று சொல்வது கேட்டது. திரும்பி வந்தாள்.

"நாம ரெண்டு பேரும் அதுல தான குளிச்சு வளந்தோம்?"

"ஆமாக்கா."

"குட்ச்சோம்."

"ஆமா."

"அப்பா சாவறவரிக்கும் அதத்தான் குட்ச்சாரு." அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "சரி. அது நம்மளோட போவட்டும்."

பரிசோதனைக் கூடமும் பிறகு அதையே சொன்னது. கிணற்றின்மேல் தகரம் போட்டு மூடினார்கள். அதோடு அக்கா நிற்கவில்லை. பாசி தெரிந்தால் மானம் போகும் என்று கிணற்றுக்கே பவுடர் போட்டவள், எங்கள் வீட்டுத் தண்ணீர் கெட்டது, உங்களுடையதையும் பாருங்கள் என்று தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எதிர்வீட்டில் நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரங்கெட்ட நேரத்தில் வாயை வைக்கிறாயே என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். "உங்க கெணத்துல உங்க பேத்தியும்தான குளிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாளாம். மாமாதான் என்னிடம் சொன்னார், கொஞ்சம் பெருமையாக.

மே மாதம் ஷீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்தபின் குளிப்பாட்டுவதை எனக்கும் எஸ்தருக்கும் வீடியோவில் காட்டினார்கள். அக்கா மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, குழந்தையைக் குப்புறப் போட்டு, காய்ச்சி ஆற்றிய கேன் தண்ணீரை முதுகில் ஊற்றினாள். குழந்தை கத்திய கத்தலில் போன் அதிர்ந்தது. எஸ்தர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையைத் துணியில் சுற்றி ஷீபாவிடம் கொடுத்துவிட்டு, அக்கா ஈரக் கையோடு போனை வாங்கினாள். இத்தனை வருடத்தில், "எப்ப இங்க வந்துடுவ?" என்று கேட்காமல் அவள் போனை வைத்ததே இல்லை. அன்றும் கேட்பாள் என்று, எஸ்தரின் படிப்பு, வேலை ஒப்பந்தம், வீட்டுக் கடன் என்று வழக்கமான பதில்களை எடுத்து வைத்திருந்தேன்.

"எதிர்வூட்டுக்காரம்மா வந்துச்சு," என்றாள். "அதுங்க கெணத்தையும் உங்கிட்ட குட்த்துப் பாக்கணுமாம். பின்னாடித் தெருவுல ரெண்டு பேரு கேக்குறாங்கோ. அனகாபுத்தூர்ல மாமாவோட அக்கா வூட்லயும் கேக்குறாங்கோ."

"லேப்லயே குடுத்துப் பாக்கலாமேக்கா, குரோமியம்னு கேட்டு."

"அங்கயும் குடுக்கட்டும். நீயும் பாரு." குரல் தணிந்தது. "நீ இப்பத்திக்கு அங்கயே இரு ரீட்டா. நீ எதுக்கு அங்க கீறேன்னு எனக்கு இப்பதான் தெரியுது."

ஊருக்கு வராதே என்று ஒருத்தி சொல்லி அதற்காக நான் அழுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அழுதேன். அழுதுகொண்டே, பாட்டிலை எப்படிக் கழுவ வேண்டும், எதையெல்லாம் போடக் கூடாது என்று முதலிலிருந்து அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.